வழியும் பாடும்: பழவேற்காட்டு நீரில் சரக்கேற்றியவர்கள்

1

'பாடு' என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் ஒரு பக்கத்துக்குப் பொருள் ஓடும். உழைப்பு, துன்பம், பங்கு, ஒருவரது நிலைமை. 'அவன் பாடு தேவலை' என்கிறோம். 'என் பாடு திண்டாட்டம்' என்கிறோம். பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர்களிடம் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஏரியில் இறாலுக்கு வலை கட்டும் இடம் பாடு. அந்த இடத்தில் வலை கட்ட ஒருவருக்கு வரும் முறையும் பாடுதான். இடத்தையும் காலத்தையும் ஒரே சொல்லால் குறித்துவிடுகிறார்கள்.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு? இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த அந்த மந்தமான நீரில் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகின்றன. திரும்புகிற தடத்தில் வலை கட்டியவனுக்கு மீன்பாடு. சற்றுத் தள்ளிக் கட்டியவனுக்கு வெறுங்கை. நீரோட்டமுள்ள நல்ல இடங்கள் கொஞ்சம்தான், வலைக்காரர்களோ அதிகம். ஆக, சீட்டுப் போட்டு, முறை வைத்து, இன்று இந்த இடம் இவருக்கு, நாளை அவருக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய பட்டினவர் ஊர்களின் 'தலைக்கட்டு'களுக்கு இந்த உரிமை. 1991இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் இந்த ஏற்பாட்டைப் பற்றி ஓர் ஆய்வையே வெளியிட்டது. அதற்கப்புறம்தான் படித்தவர்கள் பார்வையில் பாடு 'பாரம்பரிய அறிவு' ஆயிற்று. அதுவரை அது மீன்பிடிக்கிறவர்களின் வழக்கு, அவ்வளவே.

இதே ஏரிக்கு இன்னொரு பெயரும் உண்டு. நீர்வழி. 2008 நவம்பரில் மத்திய அரசு காக்கிநாடா தொடங்கிப் புதுச்சேரி வரையிலான கால்வாய்களையும், கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் சில பகுதிகளையும் சேர்த்து 4ஆம் எண் தேசிய நீர்வழி என்று அறிவித்தது. 1,078 கிலோமீட்டர். 2016ஆம் ஆண்டுச் சட்டம் இதுபோல நாடெங்கும் 111 நீர்வழிகளை அடுக்கியது. வரைபடத்தில் பழவேற்காடு ஏரியின் ஊடாக ஒரு கோடு போகிறது. கோடு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதுதான் அங்கே விஷயம். அது எதன்மீது போகிறது என்பது விஷயமே இல்லை.

வழி என்று பார்க்கிறவனுக்கு நீர் என்பது கடக்க வேண்டிய தூரம். பாடு என்று பார்க்கிறவனுக்கு அது நிற்க வேண்டிய இடம். இந்த இரண்டு பார்வைகளும் பழவேற்காட்டில் நானூறு வருஷமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கின்றன. இதை மோதல் என்றுகூடச் சொல்ல முடியாது. மோதலுக்கு இருதரப்பும் ஒன்றையொன்று பார்த்திருக்க வேண்டும். சரக்கேற்ற வந்த கம்பெனிகள் இங்கே மீன்பிடிக்கிறவர்களைப் பார்த்தது, அவர்கள் சுமந்தபோது மட்டும்தான்.

2

பழவேற்காட்டுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் பூநாரைகளைப் பார்க்கிறார்கள், அப்புறம் டச்சுக் கல்லறையைப் பார்க்கிறார்கள். கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் நிற்கின்றன. உள்ளே பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு அதிகாரிகளின் பெயர், பட்டம், இறந்த தேதி எல்லாம் அழகான எழுத்துகளில் வெட்டியிருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கோட்டை மட்டும் மண்மேடாகி முள் மண்டிப்போய்விட்டது.

இவர்கள் யார்? ஆட்சி செய்ய வந்தவர்கள் அல்ல. சரக்குக் கம்பெனிக்காரர்கள். 1602இல் தொடங்கப்பட்ட ஒன்றிணைந்த கிழக்கிந்தியக் கம்பெனி, அவர்கள் மொழிச் சுருக்கத்தில் வி.ஓ.சி. நம் வ.உ.சி.யின் ஆங்கில முதலெழுத்துகளும் இவையே. எழுத்து ஒன்றாக இருப்பதில் வரலாற்று அர்த்தம் ஏதுமில்லை. ஆனாலும் சிரிப்பு வருகிறது. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர் இரண்டே வருஷத்தில் சிறைக்குப் போனார். அந்த வி.ஓ.சி.யோ சொந்தப் படை, சொந்தக் கோட்டை, சொந்த நாணயம் எல்லாம் வைத்துக்கொண்டு சுமார் இருநூறு வருஷம் ஓடியது.

டச்சுக்காரர்கள் வந்த நாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அது கால்வாய்களின் நாடு. 1632இல் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லெமுக்கும் இடையே குதிரை கட்டி இழுக்கும் பயணப் படகு ஓடத் தொடங்கியது. சில பத்தாண்டுகளில் ஊருக்கு ஊர் அதே மாதிரி. குறித்த மணிக்குப் புறப்படும், ஆள் சேர்ந்தாலும் சேராவிட்டாலும். நீரின்மேல் கடிகாரத்தை ஏற்றியவர்கள் அவர்கள். அந்தக் கடிகாரத்தை நிறுத்தக்கூடியது ஒன்றுதான். உறைபனி. குளிர்காலத்தில் கால்வாய் கல்லாக இறுகிவிட்டால் படகு நிற்கும், பனிமேல் சறுக்குவண்டி ஓடும். ஆம்ஸ்டர்டாமின் பீர் வடிப்போருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவரும் படகுகளுக்காக, நிறையக் குதிரைகள் பூட்டி இழுக்கும் பனி உடைக்கும் படகு ஒன்றையே வைத்திருந்தார்கள். இயற்கை மறித்தால் உடைத்துக்கொண்டு போவது, உடைக்கிற செலவைக் கணக்கில் எழுதுவது. இதுதான் அவர்களது நீர் அறிவு.

அந்த அறிவோடு வந்தவர்கள் பழவேற்காட்டில் கண்டது வேறு. கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க வேண்டும். நடுவில் அலை. அப்புறம் முகத்துவாரத்து மணல்திட்டு, அதுவும் வருஷத்துக்கு வருஷம் இடம் மாறும், சில சமயம் அடைத்தே விடும். இங்கே உறைபனி இல்லை, மணல் இருந்தது. மணலை உடைக்க முடியாது. ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகும் அதைச் செலுத்தத் தெரிந்த கரையோர ஜனங்களும்தான் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே நின்றார்கள். சோழமண்டலக் கரை நெடுக இதே நிலைமைதான். எத்தனை பீரங்கி இருந்தாலும் அலையைத் தாண்டிப் பொதியை ஏற்ற மீனவன் வேண்டும். கம்பெனியின் உலக வணிகம் கடைசி ஒரு மைலில் அவன் தோளில் நின்றது.

1612இல் போர்த்துக்கீசியர் வந்து டச்சுக் கிடங்கை அழித்தார்கள். 1613இல் ஜெல்டிரியா கோட்டை எழுந்தது. உள்நாட்டில் நெய்து சாயமிட்ட துணி இங்கிருந்து இந்தோனேசியத் தீவுகளுக்குப் போயிற்று. அந்தத் துணியைக் கொடுத்து அங்கே மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். மலையா, சின்னண்ணா போன்ற உள்ளூர்ப் பெருவணிகர்கள் நடுவில் நின்று நெசவாளிகளுக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்கிச் சேர்த்தார்கள். முன்பணம் என்ற இந்தச் சங்கதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறது. கோட்டையில் வெடிமருந்தும் தயாரானது. 1690 வரை சோழமண்டலக் கரை முழுமைக்கும் தலைமையிடம் பழவேற்காடுதான், அப்புறம் அது நாகப்பட்டினத்துக்குப் போனது.

துணியைப் பற்றி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். இன்னொரு சரக்கைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. மனிதர்கள். மழை பொய்த்த வருஷங்களில், போர் நடந்த வருஷங்களில் கம்பெனி அடிமைகளை வாங்கியது. 1622-23இல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து ஏறத்தாழ 1,900 பேரைக் கப்பலேற்றினார்கள். கையில் பணமிருந்தால் இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று கம்பெனி அதிகாரிகள் வருத்தப்பட்டு எழுதினார்கள். இந்த வருத்தம் எந்த மனித வருத்தமும் அல்ல. கப்பலில் இடம் காலியாகப் போகிறதே என்ற கணக்கப்பிள்ளையின் வருத்தம். பஞ்சம் என்பது இவர்கள் ஏட்டில் விலை சரிந்த பருவம். 1640களில் மறுபடி, 1659-61 பஞ்சத்தில் தஞ்சைப் பகுதியிலிருந்து இன்னும் பெரிய அளவில். வாங்கிக் கொடுத்த தரகர்கள் நம்மவர்கள். இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பழியை முழுக்க வெள்ளைக்காரன்மேல் போட்டுவிட்டு நாம் கை கழுவிக்கொள்வது வசதியான வரலாறு.

அவர்களும் கரையிலிருந்து கப்பலுக்கு அதே மாதிரிப் படகுகளில்தான் போயிருக்க வேண்டும், வேறு வழியில்லை. துடுப்புப் போட்டவன் என்ன நினைத்தான்? ஆவணக் காப்பகத்தில் அதற்குப் பதில் கிடையாது. ஆவணம் எழுதியவன் சரக்கை எண்ணினான், சுமந்தவனுக்குக் கூலி எழுதினான். மீனவன் அந்த ஏட்டுக்குள் நுழையும் ஒரே வாசல் கூலி. அவன் மீன் பிடித்தது, வலை கட்டியது, முறைக்காகச் சண்டை போட்டது எதற்கும் அங்கே பத்தி கிடையாது. கல்லறையில் பெயர் வெட்டப்பட்டவர்களை மட்டும் வைத்து எழுதுவதுதான் 'டச்சுப் பாரம்பரியம்' என்றால், வாசலில் நிற்கும் இரண்டு எலும்புக்கூடுகள் பெயரில்லாதவர்களின் பிரதிநிதிகள் என்று வாசித்துக்கொள்ள நமக்கும் உரிமை உண்டு. செதுக்கியவன் அப்படி நினைத்திருக்க மாட்டான். போகட்டும்.

3

1825இல் பழவேற்காடு முழுதாக ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது அது ஏற்கெனவே மங்கிப்போன துறை. சென்னை எழும்பிவிட்டது. அதற்குள் தெற்கே வேறொரு வேலை நடந்திருந்தது. பேசில் கோக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி 1806இல் சுங்கம் வாங்கிக்கொள்ளும் அனுமதியோடு சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் உப்புநீர்க் கால்வாய் வெட்டினார். கோக்ரேன் கால்வாய் என்றே பெயர். 1837இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கே பழவேற்காடு ஏரிக்கும், அதையும் தாண்டிக் கிருஷ்ணா ஆற்றுப் பக்கத்துக்கும் நீண்டது. ஏரி கால்வாயின் ஒரு துண்டாகிவிட்டது.

இன்னொரு துண்டு 1877-78 பஞ்சத்தில் வெட்டப்பட்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற சுமார் 8 கிலோமீட்டர். நிவாரண வேலை. அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாண நிவாரண வேலைகளுக்கு 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, ஆண் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், ஓர் அணா. எதிர்ப்பு கிளம்பிய பிறகு கொஞ்சம் கூட்டினார்கள். பசியால் சுருண்டவர்கள் மண் சுமந்து வெட்டிய வழிக்கு அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயரை வைத்தார்கள். இன்றைக்கும் அதே பெயர்தான். வடக்கே பெத்தகஞ்சாமிலிருந்து தெற்கே மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர்.

இது எப்படி ஓடியது என்பதைக் கரையில் சந்தித்த பெரியவர் ஒருவர் சொன்னார். சின்னப் பையனாக விறகுப் படகில் போனவர். "வெறகு ஏத்திகினு பேசின் பிரிட்ஜு போவோம் தம்பி. காத்து இருந்தா பாய் கட்டுவாங்க. இல்லன்னா கயிறுதான். ரெண்டு பேரு கரையில எறங்கி இழுத்துகினே போவணும். தோளு தோலு உரிஞ்சிடும். ராத்திரி கரையிலயே சோறாக்கித் துன்னுட்டுப் படுத்துப்போம்." ஆம்ஸ்டர்டாமில் குதிரை இழுத்தது, இங்கே ஆள் இழுத்தான். குதிரைக்குக் கொள்ளு வாங்குவதைவிட ஆளுக்குக் கூலி கொடுப்பது இங்கே மலிவு. தொழில்நுட்ப வரலாறு எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்வதில்லை. 1934இல் பாரதிதாசன் நண்பர்களோடு இதே கால்வாயின் தெற்குப் பகுதியில் படகேறி மாமல்லபுரம் போய்வந்து எழுதிய பாட்டில் கயிறிழுக்கிற ஆள் வருகிறான். நவீனத் தமிழ்க் கவிதையில் இந்தக் கால்வாய்த் தொழிலாளி தலைகாட்டுவது அபூர்வம், அதனால் சொல்கிறேன்.

வந்த சரக்கு என்ன? விறகு, உப்பு, சுண்ணாம்புக் கிளிஞ்சல், நெல். கிளிஞ்சல் ஏரியிலிருந்தே வாரப்பட்டது. விறகு பெரும்பாலும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் காடு. சென்னை நகரத்தின் அடுப்பு எரிந்தது இந்தத் தீவால். சுவர்கள் எழும்பியது ஏரியின் கிளிஞ்சலால். தீவில் மரம் வெட்டியவர்கள் ஏனாதிகள். அவர்கள் இருந்த காட்டை வனத்துறை தன் கணக்கில் எழுதிக்கொண்டு, அவர்களையே கூலிக்கு வைத்து வெட்டியது. 1960-61இல்கூடக் கால்வாயில் ஏறத்தாழ 2 லட்சம் டன் சரக்கு போயிற்று. சமையல் எரிவாயுவும் லாரியும் வந்தன. 1965, 1966 புயல்கள், பிறகு 1976 புயல். கரை இடிந்தது, மணல் ஏறியது, யாரும் தூர்வாரவில்லை. தீவே 1969இல் ராக்கெட் தளத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1971இலிருந்து இயங்கத் தொடங்கியது. தீவிலிருந்த குடும்பங்களை அப்புறப்படுத்தினார்கள். ராக்கெட் விடும் நாளில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகக்கூடாது. அன்றைய பாடு போச்சு. நகரத்துக்குள் கால்வாயின் நெஞ்சிலேயே பறக்கும் ரயிலின் தூண்களை நட்டார்கள், 1995இல் ரயில் ஓடியது. அதே கால்வாயைத்தான் 2008இல் தேசிய நீர்வழி என்றார்கள். அரசாங்கத்தின் வலது கை தூண் நடும்போது இடது கை கோடு போடும்.

கால்வாய் செத்ததைப் பற்றிப் புலம்புகிறவர்கள் உண்டு. சாலையைவிடப் படகு சிக்கனம், புகையில்லாதது, இயற்கைக்கு உகந்தது என்று இப்போது புதிதாகவும் சொல்கிறார்கள். தப்பில்லை. ஆனால் சுத்துவலைக்குக் கம்பு நட வேண்டும். சரக்குப் படகு போகிற தடத்தில் கம்பு இருக்கக்கூடாது. கயிற்றில் இழுபட்ட விறகுப் படகு கம்பைச் சுற்றிக்கொண்டு போகும். இயந்திரப் பெரும்படகுக்கு வருஷம் முழுக்க ஆழம் வேண்டும், ஆழத்துக்கு ஏரியின் தரையைத் தோண்ட வேண்டும். இறால் குஞ்சு வளர்கிற தரையும் அதுதான்.

4

உறைபனிக்குத் திரும்பி வருவோம். பனி வெறும் தடையாக மட்டும் இருந்ததில்லை, சரக்காகவும் இருந்தது.

பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரடெரிக் டூடர் என்ற வியாபாரி அமெரிக்காவின் குளங்கள் குளிர்காலத்தில் உறைந்ததும் பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றினார். 1833இல் கல்கத்தாவுக்குப் போன முதல் கப்பலில் ஏற்றிய 180 டன்னில் சுமார் 100 டன் உருகாமல் போய்ச் சேர்ந்தது. பாதி உருகியும் லாபம். சென்னையில் 1842இல் கடற்கரையோரம் அதற்கென்றே ஒரு கட்டடம் எழுந்தது. அதுதான் ஐஸ் ஹவுஸ், இப்போது விவேகானந்தர் இல்லம். 1846-47 குளிர்காலத்தில் வால்டன் குளத்தில் டூடரின் ஆட்கள் பனி அறுத்ததைப் பார்த்த தோரோ, தன் கிணற்றுத் தண்ணீரைச் சென்னைக்காரர்களும் குடிப்பார்கள் என்று பரவசப்பட்டார். அவர் சொன்ன சென்னைக்காரர்கள் யார் என்று அவர் யோசிக்கவில்லை. வெள்ளைக்காரர்களும் நாலைந்து கனவான்களும். பாளத்தைக் கப்பலிலிருந்து அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தது யார்? மறுபடி மசூலாப் படகுதான். சுமந்தவன் உள்ளங்கையில் அமெரிக்கக் குளம் கொஞ்சம் உருகியிருக்கும். அவ்வளவுதான் அவன் பங்கு. நீராவி இயந்திரத்தால் இங்கேயே ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் டூடர் வியாபாரம் படுத்துவிட்டது.

அந்த ஐஸ் மீனுக்கு வந்து சேர இன்னும் வெகுகாலம் ஆனது. அதுவரை ஏரி மீனின் ஆயுள் வெயில் தீர்மானித்ததுதான். விற்றது போக மிஞ்சியது உப்புக்கண்டம், கருவாடு. கூடை சுமந்து விற்றவர்கள் பெண்கள். உப்புப் போடுகிற வேலையும் அவர்கள் கையில். 1960, 70களில் இறால் ஏற்றுமதி கிளம்பியது. கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் 1972இல் அமைந்தது. ஜப்பானும் அமெரிக்காவும் இறாலுக்கு டாலரில் விலை சொன்னபோது, கரையில் ஐஸ் பெட்டியோடு வண்டி வந்து நின்றது. அதுவரை ஏரிக்காரர்கள் சாதாரணமாகத் தின்ற இறால் 'வெள்ளைத் தங்கம்' ஆயிற்று.

ஐஸ் என்ன செய்கிறது? காலத்தை நிறுத்துகிறது. நிறுத்திய காலம் யார் கையில் இருக்கிறதோ அவன் விலை சொல்கிறான். ஐஸ் வாங்க முதலில்லாத மீனவன் காலையில் பிடித்ததைக் காலையிலேயே கொடுத்தாக வேண்டும். வாங்குகிறவன் பெட்டியில் போட்டு வைத்து விலை பார்த்து அனுப்பலாம். வலைக்கும் இன்ஜினுக்கும் அவனிடமே முன்பணம். வாங்கியவன் பிடித்ததை அவனுக்கே தர வேண்டும், விலை அவன் சொல்வதுதான். 1640இல் நெசவாளிக்குக் கொடுத்த அதே முன்பணம். கோட்டையும் பீரங்கியும் இல்லாமலே வேலை நடக்கிறது. பெண்கள் கையிலிருந்த உப்பும் கூடையும் கரைக்கு ஓரமாகத் தள்ளப்பட்டன. இதையெல்லாம் வளர்ச்சி என்று எழுதினார்கள். சும்மா சொல்லக்கூடாது, கையில் காசு வந்ததும் உண்மை. ஓலைக் குடிசை போய்க் கல் வீடு வந்தது. அதே காசுதான் பாட்டின்மேல் பேராசையையும் பகையையும் கொண்டுவந்தது.

5

இந்த இடத்தில் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டும். கம்பெனியின் 'வழி'க்கு எதிராக மக்களின் 'பாடு' என்று ஒரு எளிய எதிர்வை நிறுத்திவிட்டுக் கைதட்டுவது நமக்குப் பிடித்த காரியம். ஆனால் யாருடைய பாடு?

'தலைக்கட்டு' என்றால் குறிப்பிட்ட சாதியில், குறிப்பிட்ட ஊரில் பிறந்த ஆண். பெண் தலைக்கட்டு ஆக முடியாது. பட்டினவர் அல்லாதார் ஆக முடியாது. ஏரியை நம்பியே வாழும் தலித் மீனவர் ஊர்களுக்கு நல்ல இடங்களில் முறை கிடையாது. அவர்கள் கேட்டபோதெல்லாம் 'வழக்கம்' என்ற சொல் எடுத்து வைக்கப்பட்டது, அடிதடியும் நடந்தது. இருளர்கள் வலையே இல்லாமல் ஆழமற்ற சேற்றில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். பெண்கள் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் நீருக்குள் விட்டு, மணிக்கணக்கில் ஊர்ந்து போவார்கள். சீட்டில் அவர்கள் பெயர் எழுதப்படுவதில்லை. சீட்டு எவ்வளவு நேர்மையாகக் குலுக்கப்பட்டாலும், குடத்துக்குள் யார் பெயரைப் போடுவது என்பது குலுக்குவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஆய்வாளர்கள் குலுக்கலின் சமத்துவத்தைப் பாராட்டினார்கள். குடத்தைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது, பார்த்துவிட்டு ஒரு பத்தியில் கடந்தார்கள்.

இதைச் சொன்னால் 'கம்பெனிக்கு எதிரான ஒற்றுமையை உடைக்கிறாயா' என்று நண்பர்களே கேட்பார்கள். உடைந்திருப்பதை உடைந்திருக்கிறது என்று சொல்வது உடைப்பது ஆகாது. கம்பெனிகள் உள்ளே நுழைவது இந்த விரிசல் வழியாகத்தான் என்பதை வரலாறு காட்டுகிறது. பாட்டில் இடமில்லாதவனுக்குத்தான் கயிறிழுக்கிற கூலியும், மண் சுமக்கிற கூலியும், இன்றைக்கு ஒப்பந்தக் கூலியும் தேவைப்படுகிறது. மேலே சொன்ன பெரியவர் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: "துறைமுகம் பெரிசா வருதுன்றாங்களே, நம்ம புள்ளைங்களுக்கு வேல குடுப்பானா தம்பி?" அவர் பேரன் ஏற்கெனவே ஷிப்ட் வேலைக்குப் போகிறான். நான் போராட்டத்தைப் பற்றிப் பேச ஆயத்தமாக வந்திருந்தேன். என்னிடம் பதிலில்லை.

துறைமுகங்களின் கதை சுருக்கமானது, ஆனால் அளவு பெரியது. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறந்தது, 2014இல் காமராஜர் பெயர் வைத்தார்கள். அதன் வடக்கே, பழவேற்காட்டுக்கு இன்னும் நெருக்கமாக, காட்டுப்பள்ளியில் எல் அண்டு டி கட்டிய துறைமுகத்தை 2018இல் அதானி நிறுவனம் வாங்கியது. 330 ஏக்கரை 6,111 ஏக்கராக்கவும், வருஷத்துக்கு சுமார் 2.5 கோடி டன்னாக இருந்த சரக்குத் திறனை 32 கோடி டன்னாக்கவும் திட்டம் வந்தது. மதிப்பீடு 53,031 கோடி ரூபாய். கடலில் பெரிய தடுப்புச்சுவர் எழுந்தால் அதற்கு வடக்கே மணல் அரிக்கும். சென்னைத் துறைமுகம் எழுந்தபின் திருவொற்றியூர்ப் பக்கம் கடல் எவ்வளவு தின்றது என்று வடசென்னைக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காட்டுப்பள்ளிக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவே கடலையும் ஏரியையும் பிரிப்பது ஒல்லியான ஒரு மணல்திட்டு. அது அறுந்தால் ஏரி என்று ஒன்று இருக்காது, பாடு என்றும் ஒன்று இருக்காது. இதுதான் கரை ஊர்களின் அச்சம், அதில் மிகையில்லை.

மணலின் கதை இங்கே தலைகீழாகிவிட்டதைக் கவனியுங்கள். டச்சுக் கப்பலைத் தூரத்தில் நிறுத்தியது மணல். கால்வாயை மூடியதும் மணல். கம்பெனிக்கு எதிராக இந்தக் கரையிடம் இருந்த ஒரே கோட்டை அதுதான் என்றுகூடச் சொல்லலாம். இப்போது அந்த மணலை அப்புறப்படுத்த பனி உடைக்கும் குதிரைகள் தேவையில்லை. தூரத்தில் ஒரு சுவர் எழுப்பினால் போதும், கடலே கொண்டுபோய்விடும்.

திட்டத்துக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் மறுபடி அறிவிக்கப்பட்டு மறுபடி தள்ளிவைக்கப்பட்டது. இரண்டு தடவையும் மீனவ ஊர்களின் எதிர்ப்பு காரணம், இதில் நமக்குச் சந்தோஷம்தான். மூன்றாவது முறை அறிவித்தால் பந்தலில் முன்வரிசை ஊர்ப் பஞ்சாயத்தாருக்கு இருக்கும். அவர்கள் பாட்டைப் பற்றிப் பேசுவார்கள், பேசவும் வேண்டும். பறியைக் கடித்துக் கடித்துப் பல் தேய்ந்த இருளப் பெண் ஒருத்தி எழுந்து, ஏரி எனக்கும்தான் வேணும், ஆனா முதல்ல சீட்டுல எம்பேரு எழுதுங்க என்று கேட்டால், மைக்கை அவள் கையில் எவ்வளவு நேரம் விட்டுவைப்பார்கள்?